சிதறால் இயக்கியும் பழையனூர் நீலியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறையாறு பாயும் நிலப்பகுதியில், சிதறால் என்னும் சிற்றூரை ஒட்டி ஒரு பாறைக் குன்று உள்ளது. கல்வெட்டுகள் அதனைத் திருச்சாரணத்துமலை என்கின்றன. அங்கே தீர்த்தங்கரர் திருவுருவங்களோடு, நேமிநாதரின் இயக்கியாகிய அம்பிகையும் சிங்கத்தோடும் இரு குழந்தைகளோடும் செதுக்கப்பட்டிருக்கிறாள். நம் ஆலயங்களில் தருமதேவி என நாம் வணங்கும் தாயே அவள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண் துறவி இம்மலைப் படாரியார்க்குப் பொன்னணி அளித்தார். பின்னாளில் அப்பள்ளி பகவதி கோயிலாயிற்று.

அம்மலையைச் சூழ்ந்த நாட்டிலோ 'இயக்கி' என்ற சொல் 'இசக்கி' எனத் திரிந்து, வழிபாட்டுக்கும் அச்சத்துக்கும் ஒருசேரப் பெயராயிற்று. இசக்கியின் கையிலும் குழந்தை உண்டு. ஆனால் கதை வேறு. கணவனால் கொலையுண்ட நீலி பேயாய் மீண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து பழிதீர்த்தாள் என்பர்.

அந்த நீலியின் ஊர் நமக்குத் தொலைவன்று. கொரட்டூரில் அரக்கோணம் இரயில் ஏறினால் திருவாலங்காடு. அதன் அருகே பழையனூர். வணிகனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர், சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்த கதை அங்கு இன்றும் வழங்குகிறது.

அம்பிகையும் கணவனால் வருந்தியவளே. முனிவர்க்கு உணவிட்டாள் என்பதற்காக விரட்டப்பட்டு, பிள்ளைகளுடன் மலையேறி உயிர்நீத்துத் தேவியானாள். கணவன் சிங்கமாகி அவளுக்கே ஊர்தியானான். பழியில் முடிந்த கதையும் அருளில் முடிந்த கதையும் மக்கள் நாவில் ஒன்றோடொன்று கலந்தன என்றே நான் கருதுகிறேன்.

நம் புலவரோ அப்பேயை வெறுத்து ஒதுக்கவில்லை. நீலகேசியைத் தருக்கநூல் என்று சொல்லிப் பலர் திறப்பதே இல்லை. அதன் தொடக்கம் நல்லதொரு பேய்க்கதை! பாஞ்சால நாட்டில் காளிக்கு ஆடு பலியிட வந்தோரிடம், மண்ணுருவம் படைத்தாலே போதும் என்கிறார் முனிச்சந்திரர். பலியிழந்த காளி பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி கோர உருவங்கள் காட்டுகிறாள், முனிவர் அசையவில்லை. அழகிய இளவரசியாய் வருகிறாள்; அவர் மயங்கவில்லை. இறுதியில் அவரிடமே அறங்கேட்டுக் கொல்லாமையை ஏற்று, பிற சமயத்தாரோடு வாதிடப் புறப்படுகிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் இந்நூலைப் பதிப்பித்தார்.

தென்னாட்டு இசக்கி கோயில்களில் பிள்ளைப்பேறு வேண்டுவோர் இன்றும் மண்ணால் செய்த குழந்தை உருவங்களைக் கொண்டுவந்து வைக்கின்றனர்.