தேசாதிபதி இல்லம் உணர்த்தும் வரலாறு

கொழும்புப் புறக்கோட்டையில், வணிகர் ஆரவாரம் நிறைந்த பிரின்ஸ் வீதியிலே, பருத்த தூண்கள் தாங்கும் இரண்டு மாடி இல்லமொன்று நிற்கின்றது. 1692 முதல் 1697 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய தோமஸ் வான் றீ என்பார் தமக்கென அமைத்த மாளிகை இதுவென்பர். 1982இல் இஃது ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

உட்புகுவோர் கண்ணைக் கவர்வன மரத்தளபாடங்களும் பீங்கான் கலங்களும் நாணயங்களும் கல்லறைக் கற்களுமாம். இவற்றையே நோக்குவோர், இவ்வில்லத்தின் வரலாறு ஆள்வோர் வரலாறே எனக் கருதுதல் கூடும். அது பொருந்தாது. தேசாதிபதி பதவியில் இருந்தபொழுதே, 1696இல், சமயப் போதகரைப் பயிற்றும் கல்விக்கழகம் இங்குத் தோன்றியது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமானபின் இவ்வில்லம் படையினர் வைத்தியசாலையாயிற்று, பின்னர் ஆயுதசாலையாயிற்று, அதன்பின் தபாற்கந்தோருமாயிற்று. 1981இல் நிறைவுற்ற திருத்தப்பணியே சிதைவினின்றும் இதனைக் காத்தது.

வான் றீயின் ஆட்சி ஐந்தாண்டே. மாணாக்கரும் நோயாளரும் கடிதம் அனுப்ப வந்த எளியோரும் இங்கு நடமாடிய காலமோ மிக நீண்டது. அவர்கள் விட்டுச்சென்ற தளபாடம் எதுவுமில்லை. ஆதலின், காட்சிப் பொருள்களைக் கண்டு மீளும் நாம், அவ்வறைகளில் கற்றோரையும் நோயுற்றுக் கிடந்தோரையும் வினவி அறிதல் வேண்டும். அதுவே வரலாறு பயில்வோர் கடனாகும்.