பதினோரு வாரமும் ஒரு நாற்காலியும்



எழுத வேண்டும் என்ற ஆசையோடு வரும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மூன்று மாத ஜர்னலிசம் கோர்ஸ் சேரலாமா? கதை எழுதக் கற்றுத்தரும் பயிலரங்குக்குப் போனால் பயன் உண்டா?” சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது. ஆனால் நான் டெல்லியிலிருந்து தொடங்குகிறேன்.

1996இல் கான்ஷிராமுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் இடையே மோதல் மூண்டது. அதைப் பற்றி ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்தைக் கேட்க விரும்பினார் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் டெல்லிச் செய்தியாளர் கென்னத் கூப்பர். ஒருவரைக் காட்டும்படி மூத்த பத்திரிகையாளர் பி.என்.உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலில் 686 பெயர்கள் இருந்தன. 454 பேர் சாதிப் பெயரைத் தம் பெயரோடு ஒட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் தலித் இல்லை. மீதி 232 பேரில் 47 பேரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அவர்களிலும் ஒருவர் இல்லை. அந்த நவம்பரில் ‘பயனியர்’ நாளிதழில் இதை அவர் எழுதியபோதுதான் பலருக்கு உறைத்தது. அதுவரை இப்படி ஒரு கேள்வி இருப்பதே தனக்குத் தோன்றவில்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

கேள்வி கூப்பருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அவர் கறுப்பினத்தவர். அவருடைய நாட்டில் இந்தத் தலைக்கணக்கை எடுக்கத் தொடங்கி அப்போது ஏறக்குறைய முப்பதாண்டுகள் ஆகியிருந்தன.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழில் அன்று கறுப்பின நிருபர் ஒருவர்கூட இல்லை. வெள்ளை நிருபர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞர் அங்கே போனார். தெருமுனைத் தொலைபேசிகளிலிருந்து செய்தி சொன்னார். அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகைக்கு வாட்ஸ் செய்திகளுக்காகப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிச்சர்ட்சனை நிருபர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவரால் அங்கே நெடுநாள் நீடிக்க முடியவில்லை. வீடு எரியும்போது உள்ளே போக ஒரு கறுப்பர் தேவைப்பட்டார். தீ அணைந்த பிறகு அவரை நிருபராக வளர்த்தெடுக்க அங்கே ஒரு வழி இல்லை.

அதே வாட்ஸில் பட் ஷுல்பெர்க் என்ற வெள்ளைத் திரைக்கதை ஆசிரியர் ஒரு படைப்பெழுத்து வகுப்பு தொடங்கினார். சமூக மையத்தின் பலகையில் அறிவிப்பு ஒட்டினார். வாரக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? எரிந்த தெருவில் ஹாலிவுட்காரர் ஒருவர் வந்து கவிதை சொல்லித் தருகிறேன் என்றால் யார் நம்புவார்? அவர் விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். 1967இல் அவர்கள் எழுத்துகள் தொகுப்பாக வெளிவந்தன. குவின்சி ட்ரூப், வாண்டா கோல்மன் போன்ற கவிஞர்கள் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். ஃபிரெடெரிக் டக்ளஸ் பெயரில் ஒரு வீடும் எடுத்து அங்கே எழுத்தாளர்களைத் தங்கவைத்தார்கள். 1973இல் அந்தப் பயிலரங்கின் கட்டடம் தீக்கிரையானது. தீ வைத்தவர் உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்த எஃப்.பி.ஐ. உளவாளி டார்த்தார்ட் பெர்ரி. பின்னாளில் அவரே அதைச் சொன்னார். எழுத்து வகுப்பு தீங்கில்லாத பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கலாம். அமெரிக்க உளவுத்துறை அப்படி நினைக்கவில்லை.

இனி பத்திரிகைப் பயிற்சிக்கு வருகிறேன். 1967 கலவரங்களுக்குக் காரணம் தேடிய கெர்னர் ஆணையம் 1968இல் தந்த அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஒரு இயல் உண்டு. செய்திப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனங்களில் இருந்தார்கள். இந்த இரண்டாவது கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே 1968 கோடையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சிறுபான்மை இனத்தவருக்கு ஒரு குறுகிய காலப் பத்திரிகைப் பயிற்சி தொடங்கியது. பட்டம் தரும் படிப்பு அல்ல, ஒரு கோடைக்கால வகுப்பு. அங்கே படித்த மிஷல் கிளார்க், சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளரானார், 1972 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். பயிற்சிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் வைத்த பல்கலைக்கழகம் 1974க்குப் பிறகு பயிற்சியை நிறுத்திவிட்டது. ஆறேழு கோடைகளில் ஒரு நாட்டின் பத்திரிகை உலகம் திருந்திவிட்டது போலும்!

அங்கே பாடம் நடத்தியவர்களில் ராபர்ட் மேனார்ட் ஒருவர். பார்படோஸிலிருந்து புரூக்ளினுக்குக் குடியேறிய குடும்பத்தின் மகன். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். பிறகு வாஷிங்டன் போஸ்ட் நிருபர். அவரும் அவர் மனைவி நான்சியும் ஏர்ல் கால்டுவெல், டொரதி கில்லியம் முதலிய நண்பர்களும் சேர்ந்து, கைவிடப்பட்ட பயிற்சியை 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மறுபடி தொடங்கினார்கள். மறு ஆண்டு அதற்கென ஒரு நிறுவனத்தையும் அமைத்தார்கள். இப்போது அது இன்னொருவர் கருணையில் நடக்கும் வகுப்பு இல்லை. பதினோரு வாரம், பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களே ஆசிரியர்கள், முடித்தவர்களை நாளிதழ்களில் வேலைக்குச் சேர்த்துவிடுவதும் பயிற்சியின் பகுதி. இதைத்தான் நம் பயிலரங்குகளில் நான் காணவில்லை. நமக்குச் சான்றிதழும் குழுப் புகைப்படமும் கிடைக்கின்றன. மறுநாள் காலை எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவர்கள் அதோடும் நிற்கவில்லை. நிருபர்களை உள்ளே அனுப்பிய பிறகும், அவர்கள் எழுதியதை வெட்டுவதும் தலைப்பு வைப்பதும் எந்தப் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்வதும் பழைய கைகளாகவே இருந்தன. எனவே 1980இல் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் எடிட்டிங்குக்கென்றே தனிப் பயிற்சி தொடங்கினார்கள். பிரதியைத் திருத்துவது, தலைப்பு எழுதுவது, பக்கம் அமைப்பது என்று துணை ஆசிரியர் மேசையின் அன்றாட வேலைகள் அவை. எழுதுகிறவருக்குக் கிடைக்கும் பெயர் இந்த வேலைக்குக் கிடையாது. ஆனால் ஆசிரியர் நாற்காலிக்குப் போகும் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. மேனார்ட் 1979இல் ‘ஓக்லண்ட் டிரிப்யூன்’ ஆசிரியரானார். 1983இல் அந்தப் பத்திரிகையையே வாங்கினார். அமெரிக்கப் பெருநகர நாளிதழ் ஒன்றுக்கு உரிமையாளரான முதல் கறுப்பினத்தவர் அவர்.

சொந்தப் பத்திரிகை என்றதும் உங்களுக்கு நம் முன்னோர் நினைவுக்கு வந்திருப்பார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். நாற்காலியை யாரும் தரக் காத்திராமல் தாங்களே போட்டுக்கொண்டவர்கள். ஆனால் அடுத்த தலைமுறை ஆசிரியர்களை உருவாக்க அவர்களுக்குப் பின்னால் எந்தப் பல்கலைக்கழகமும் அறக்கட்டளையும் நிற்கவில்லை.

அமெரிக்கக் கதையும் வெற்றிக் கதை அல்ல. பத்திரிகை ஆசிரியர்களின் சங்கம் 1978இல் ஓர் இலக்கு வைத்தது: 2000க்குள் மக்கள்தொகையில் உள்ள விகிதம் செய்தி அறைகளிலும் இருக்க வேண்டும். அப்போது சிறுபான்மையினர் சுமார் 4 விழுக்காடு. 2000இல் 12 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. மக்கள்தொகையிலோ கால்பங்குக்கு மேல். முன்னதாகவே, 1998இல், இலக்கை 2025க்குத் தள்ளிவிட்டார்கள். இருந்தாலும் ஆண்டுதோறும் எண்ணினார்கள். நம் நாளிதழ்கள் எண்ணுவதுகூட இல்லை.

இந்தியாவில் இதற்கு நெருக்கமாக வந்த முயற்சி எந்தப் பெருநகரத்திலும் நடக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தின் பாந்தா பகுதியில் பெண்களுக்குக் கைப்பம்பு பழுது பார்க்கக் கற்றுத்தந்தார்கள். பழுது பார்க்கப் போனவர்களுக்குக் கணக்கும் எழுத்தும் தேவைப்பட்டன. எழுத்தறிவு முகாம்கள் வந்தன. முகாம்களிலிருந்து 1993இல் ‘மகிளா டாகியா’ என்ற செய்தித்தாள் வந்தது. அது நின்றுபோன பின், 2002 மே மாதம் சித்ரகூட் மாவட்டம் கர்வியிலிருந்து ‘கபர் லஹரியா’ தொடங்கியது. டெல்லியின் நிரந்தர் அமைப்பு பயிலரங்குகள் நடத்தியது. பெரும்பாலும் தலித் பெண்கள். பலர் பள்ளியை முடிக்காதவர்கள். செய்தி சேகரித்தார்கள், எழுதினார்கள், எடிட் செய்தார்கள், ஊர் ஊராகப் போய்த் தாங்களே விற்றார்கள். புந்தேலி மொழியில் எழுதினார்கள். 2009இல் யுனெஸ்கோவின் செஜோங் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது.

மொழியை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. எடிட்டிங் பயிற்சி என்றால் நம் ஊரில் பலரும் நினைப்பது, சேரியின் பேச்சைச் ‘செந்தமிழாக’ மாற்றுவதைத்தான். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ மொழிக்காகவே திட்டு வாங்கியது. அந்த மொழியைத் ‘திருத்தி’ இருந்தால் அந்தப் புத்தகமே இருந்திருக்காது. ஒரு வகுப்பில் சேரும் முன் இதைக் கேளுங்கள்: உங்கள் பிரதியில் சிவப்பு மை எதை அடிக்கிறது, பிழையையா, உங்கள் அம்மாவின் பேச்சையா? அடுத்து, வகுப்பு முடிந்ததும் எங்கே வேலை, அங்கே முடிவெடுப்பவர் யார் என்று கேளுங்கள்.

கபர் லஹரியாவைப் பற்றி எடுக்கப்பட்ட ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நாடே பாராட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படம் நெகிழவைக்கிறது, ஆனால் நாங்கள் ஒரே ஒரு கட்சியைப் பற்றி மட்டுமே எழுதுவதுபோல் அது காட்டுகிறது, அது சரியல்ல, எங்கள் கதையின் ஒரு பகுதி மட்டுமே அதில் இருக்கிறது என்பது அதன் சாரம்.