முன்காப்புக் கம்பி (புல் பார்)

கார், ஜீப் வகை வண்டிகளின் முன்பம்பருக்கு வெளியே தனியாகப் பொருத்தப்படும் இரும்புக் குழாய்ச் சட்டம். கிராஷ் கார்டு என்றும் சொல்வர். விலங்குகள் மோதி விளக்கும் ரேடியேட்டரும் உடையாமல் காக்கவே இது உருவானது. டெல்லியில் இது பெரும்பாலும் மிடுக்குக்காகவே மாட்டப்பட்டது.

ஆனால் கால் நெடிய பெரிய விலங்கு மோதினால் இதன் பயன் குறைவு. டெல்லியின் தென்விளிம்பிலுள்ள அசோலா பட்டி சரணாலயப் பகுதியில் திரியும் நீலான் (நீல்காய்) மான் போலத் தெரிந்தாலும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது; வளர்ந்த ஆண் 200 கிலோவையும் தாண்டும். கால் நெடியது. கம்பி காலைத் தட்ட, கனத்த உடல் பானெட் மேலேறிக் கண்ணாடியில் விழக்கூடும். சிறு மோதலில் விளக்கு தப்பலாம். ஆள் தப்புவது வேறு கணக்கு. வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுகப் பிணைந்த கம்பி, நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய முன்பகுதியைத் தாண்டி விசையை உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பலாம். பாதசாரிக்கோ இது கொடிய ஆயுதம்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை இக்கம்பியைப் பொருத்துவது மீறுகிறது என்பதே அதன் நிலைப்பாடு.