எச்சரிக்கை வேறு, பீதி வேறு: இரண்டு பழைய கதைகளும் என் ஒரு தவறும்



ஒரு வாரமாக என் கைபேசி ஓயவில்லை. புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பியிருக்கிறது என்ற செய்தி வந்ததிலிருந்து நம் குடும்பக் குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஆறு மாத மளிகையை வாங்கி அடுக்கச் சொல்கிறது. இன்னொரு கட்சி, எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிட்ட புரளி என்கிறது. "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று பழைய மாணவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கதை 1918. முதல் உலகப் போரின் கடைசி மாதங்கள். ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர் வாங்கிய காய்ச்சல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குள் செப்டம்பர் நடுவில் நுழைந்தது. அதே நேரத்தில் போர்க் கடன் பத்திரம் விற்க ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. கூட்டம் கூடினால் ஆபத்து என்று சில மருத்துவர்கள் எச்சரித்தார்கள். நகர சுகாதார இயக்குநர் வில்மர் க்ரூசென் ஊர்வலத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மக்கள் பயந்துவிடுவார்கள், போர் முயற்சிக்குக் கெட்ட பெயர் வரும் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. செப்டம்பர் 28 அன்று சுமார் 2 லட்சம் பேர் தெருவில் நெருக்கியடித்து நின்றார்கள். சில நாட்களில் ஆஸ்பத்திரிகள் நிரம்பின. அக்டோபர் 3-ல் பள்ளிகளையும் தியேட்டர்களையும் மூடினார்கள். அதற்குள் கை மீறிவிட்டது. ஆறு வாரத்தில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

அதே அக்டோபரில் செயின்ட் லூயிஸ் நகரில் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் என்ற சுகாதார ஆணையர், பொதுமக்களிடம் நோய் தென்பட்ட இரண்டொரு நாளிலேயே பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாவற்றையும் மூடச் செய்தார். வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். அவர் அசையவில்லை. அந்த ஊரிலும் சாவு இருந்தது. ஆனால் பிலடெல்பியாவின் கொடுமை அங்கே நடக்கவில்லை.

இதை மட்டும் படித்தால் முந்திக்கொள்வதுதான் எப்போதும் சரி என்று தோன்றும். அதனால்தான் இரண்டாவது கதை வேண்டும்.

1976 பிப்ரவரி. நியூ ஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாம். காய்ச்சலோடு இரவு நடைப்பயிற்சிக்குப் போன ஓர் இளம் படைவீரர் இறந்துபோனார். சோதித்ததில் பன்றிக் காய்ச்சல் வகை வைரஸ். 1918-ல் கோடிக்கணக்கானோரைக் கொன்றது இதற்கு உறவுக்கார வைரஸ்தான் என்று விஞ்ஞானிகள் அன்று நம்பினார்கள். முகாமில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது தொற்றியிருந்ததும் தெரிந்தது. நோய்த் தடுப்பு மையத்தின் இயக்குநர் டேவிட் சென்சர், நாடு முழுவதும் தடுப்பூசி போட வேண்டும் என்று பரிந்துரைத்தார். மார்ச் 24 அன்று அதிபர் ஃபோர்டு அதை அறிவித்தார். அமெரிக்க நாடாளுமன்றம் 13.5 கோடி டாலர் ஒதுக்கியது.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கண் முன்னால் 1918 நின்றது. தடுப்பூசி தயாராகப் பல மாதம் ஆகும், குளிர்காலம் வருமுன் தொடங்கியாக வேண்டும். ஆனால் மார்ச் போய், ஏப்ரல் போய், கோடையும் போனது. முகாமுக்கு வெளியே அந்த வைரஸ் பரவவேயில்லை. போலியோ சொட்டு மருந்து கண்ட ஆல்பர்ட் சேபின், மருந்தைத் தயாரித்துக் கையிருப்பில் வைப்போம், நோய் வந்தால் போடுவோம் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அக்டோபர் 1-ல் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். 4 கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் சிலருக்கு கை கால் செயலிழக்கும் கியான்-பாரே நோய் வந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். கொள்ளைநோய் பரவியிருந்தால் அது சின்ன விலை. நோயே இல்லாதபோது அதை யார் ஏற்பார்கள்? டிசம்பர் 16 அன்று திட்டம் நின்றது. சென்சருக்குப் பதவி போனது. ஊசி மீதிருந்த மக்களின் நம்பிக்கையும் குறைந்தது.

பிறகு இதை ஆராய்ந்த நியூஸ்டாட், ஃபைன்பெர்க் என்ற இரு அறிஞர்கள் சொன்னதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மருந்து தயாரிப்பது ஒரு முடிவு, அதைப் போடுவது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். நடுவில் நின்று "இப்போது நிலைமை என்ன?" என்று கேட்டுப் பார்க்க ஒரு தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை.

பிலடெல்பியாக்காரர்கள் கண் முன் நோய் இருந்தும் பார்க்க மறுத்தார்கள். 1976-ல் இருந்தவர்கள் நோய் வரவில்லை என்பதைப் பார்க்க மறுத்தார்கள். பார்த்தால் தவறு ஒன்றுதான். எடுத்த முடிவை மாற்ற மனம் வரவில்லை. முன்னெச்சரிக்கை உள்ளவன் நாளைக்குப் புதுச் செய்தி வந்தால் மாறத் தயாராக இருப்பான். பீதி கொண்டவனும் அலட்சியக்காரனும் மாற மாட்டார்கள்.

இனி என் கதை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. லட்சக்கணக்கானோர் அந்த ஊரை விட்டு ஓடினார்கள். எங்கெங்கோ உள்ள மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. பயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா சூரத்தில் புடவை கொள்முதல் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, பையனுக்குத் தும்மல்கூட இல்லை. ஆனாலும் நான் அவனை வராந்தாவில் தனியாக உட்கார வைத்தேன். நாலு நாள். அவனிடமோ அவன் அப்பாவிடமோ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, எந்த டாக்டரையும் கேட்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஐந்தாம் நாள் நான் உள்ளே கூப்பிட்டபோது அவன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவனை வெளியே வைத்ததை நான் அன்று முன்னெச்சரிக்கை என்று நினைத்தேன். முன்னெச்சரிக்கை என்றால் விசாரித்திருப்பேன்.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: கை கழுவுங்கள். காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருங்கள், டாக்டரைப் பாருங்கள். வயதானவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். இதற்கெல்லாம் செலவு குறைவு, தேவையில்லை என்று தெரிந்தால் நாளைக்கே விட்டுவிடலாம். கல்யாணத்தை நிறுத்துவது, வேலையை விட்டு ஊர் திரும்புவது போன்ற பெரிய முடிவுகளுக்கு ஒரு வாரம் பொறுத்து, சுகாதாரத் துறை சொல்வதைக் கேட்டு, மறுபடி யோசியுங்கள். நோய் வந்த ஊரிலிருந்து வருகிறவரைக் குற்றவாளிபோல் பார்க்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது நடுவயதில் இருப்பான். இதைப் படித்தால், தம்பி, என்னை மன்னித்துவிடு. ஒரு போன் பண்ணு.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் வரலாற்று வாத்தியார்.