டிரைவ் எழுத்துகளின் பூர்வ சரித்திரம்

ஒரே கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியையும் விண்டோஸ் 7-ஐயும் நிறுவியவர்களில் பலர், ஒன்றில் ‘சி’ என்று கண்ட பகுதியை மற்றொன்றில் ‘டி’ என்று கண்டு, ஹார்ட் டிஸ்கிற்கு ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென்று கலங்கியதுண்டு. விபரீதம் ஏதுமில்லை; எழுத்து மாறுவதன் காரணத்தை அறிய விரும்புவோர், அரை நூற்றாண்டுக்கும் முற்பட்ட ஒரு சம்பிரதாயத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்தல் வேண்டும்.

1960-களில், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் நிறுவனத்தார் உருவாக்கிய சிபி/சிஎம்எஸ் அமைப்பிலேயே வட்டுகளை ஓரெழுத்தால் சுட்டும் முறை காணப்படுகிறது. அம்முறையைச் சிறு கணினிகளில் பிரசித்தமாக்கியது, கேரி கில்டால் 1974-இல் இயற்றிய சிபி/எம். அதன் சாயலில் டிம் பேட்டர்சன் 1980-இல் எழுதிய 86-டாஸ் மைக்ரோசாஃப்டின் கைக்கு மாற, 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியில் ஏ, பி என்னும் எழுத்துகள் பிளாப்பி டிரைவ்களுக்கு உரியனவாயின. டிரைவ் ஒன்றே உள்ள கணினியிலும் அவ்விரு பெயர்களும் வழங்கின என்பது கவனிக்கத்தக்கது, ‘பி’யை நாடினால், அதற்குரிய பிளாப்பியைச் செருகும்படி திரையில் ஒரு வரி தோன்றும், பயனர் வட்டை மாற்றி ஒரு விசையைத் தட்டியதும், அதுவரை ‘ஏ’யாக இருந்த அதே டிரைவ் ‘பி’யாகிவிடும். ஆகவே எழுத்தானது சாதனத்தின் சுபாவமன்று, இயங்கும் அமைப்பு அதற்குச் சூட்டும் நாமமே என்பது ஆதியிலேயே நிர்ணயமாகிவிட்டது. 1983 மார்ச்சில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்குடன் பிசி எக்ஸ்டி வந்தபோது, ஏயும் பியும் பிளாப்பிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தமையால், அதற்குச் ‘சி’ வாய்த்தது.

டாஸ், ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கின் பிரைமரி பார்ட்டிஷனுக்கும் முதலில் எழுத்தளித்து, லாஜிக்கல் டிரைவ்களைப் பின்னரே எண்ணியதால், இரண்டாவது டிஸ்கை இணைத்த மாத்திரத்தில் நேற்றுவரை ‘டி’யாக இருந்தது ‘இ’யாக, அங்கிருந்த புரோகிராம்கள் தம் கோப்புகளைக் காணாது நின்றுவிடும். இக்குறையை நீக்க விண்டோஸ் 2000, டிஸ்கின் கையொப்ப எண்ணையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் தன் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியில் பதிந்து, எழுத்துகளை ஸ்திரப்படுத்தியது. ஆயின் அப்பதிவு டிஸ்கிற்குப் பொதுவானதன்று. ஒரே கிராமத்து நிலங்களுக்கு இரு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியே அடங்கல் எழுதுவது போல, டூயல் பூட் கணினியில் ஒவ்வொரு விண்டோஸும் தன் ரெஜிஸ்ட்ரியையே பிரமாணமாகக் கொள்கிறது. விண்டோஸ் 7-ஐ டிவிடியிலிருந்து பூட் செய்து நிறுவினால் அது தன் பகுதியைச் ‘சி’ என்கிறது. எக்ஸ்பிக்குள்ளிருந்து செட்டப்பைத் தொடங்கினால், எக்ஸ்பி அப்பகுதிக்கு முன்னரே அளித்த எழுத்தை ஏற்கிறது.

ஆதலின் இரண்டு அமைப்புகளிலும் எழுத்துகளைப் பலவந்தமாக ஒன்றாக்க முயல்வது, அதிலும் இயங்கும் விண்டோஸின் சொந்த எழுத்தில் கை வைப்பது, அனர்த்தத்துக்கே வழி. தரவுக்கான பகுதிக்கு மட்டும், டிஸ்க் மேனேஜ்மென்ட் வாயிலாக, இரு அமைப்புகளிலும் ஆங்கில எழுத்துவரிசையின் பின்பாதி எழுத்தொன்றை ஒருமுறை நியமித்துக்கொள்ளலாம். அதனினும் நிச்சயமானது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வால்யூம் லேபிள் இடுவது; லேபிள் டிஸ்கிலேயே எழுதப்படுவதால், எந்த விண்டோஸ் திறந்தாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.