புக்கொளியூரும் அவிநாசியும்

அளவைகள் பலவாயினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியார் காட்டும் முடிபு. பொருளறிதற்கு வகுத்த இம்முறை ஓர் ஊரின் வரலாற்றை அறிதற்கும் துணையாதலை, கொங்கு நாட்டுத் தேவாரத் திருப்பதிகள் ஏழனுள் ஒன்றாகிய அவிநாசியைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காண்டற்குரியது நிலப்படம். 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலைக்கருகே தொடங்கிய முக்கோண நில அளவையின் வழிவந்த படங்கள் திசையும் தொலைவும் பிழையின்றிக் காட்டுவன. ஆயினும், அவை காட்டும் ஊர்ப்பெயர் அவிநாசி என்பதே. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் அமைந்தபொழுது, கோயம்புத்தூர் மாவட்டத்து அவிநாசி திருப்பூர் மாவட்டத்ததாயிற்று. எல்லைக்கோடு மாறிற்று, ஊர் இருந்தவிடத்தே இருந்தது.

இனி, உரையை நோக்குவாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருப்பதிகத்தில் ஊரின் பெயர் புக்கொளியூர். அவிநாசி என்பது ஆண்டுள்ள திருக்கோயிலின் பெயர். முதலையுண்ட பாலன் மீண்ட வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வெள்ளானைச் சருக்கத்தில் விரித்தருளினார். அணித்தாகிய திருமுருகன்பூண்டிப் பதிகமோ, வழிச்செல்வாரை வேடுவர் அலைத்துப் பொருள் கவரும் கொடுமையைக் கண்முன் நிறுத்துகின்றது. படத்தில் அவ்வழி ஒரு கோடு. பதிகத்தில் அது வழிப்போக்கர் அஞ்சிய காடு.

கருதற்கு இடமாவன கல்வெட்டுக்கள். அவை ஊரை வடபரிசார நாட்டினதாகக் குறிக்கின்றன. அரசர் பெயரும், கோயிலுக்கு விட்ட நிலமும், எரித்த விளக்கும் அவற்றான் விளங்கும். அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார் கொங்கு பல நாடுகளாய்ப் பகுக்கப்பட்டு ஆளப்பட்ட முறையை உய்த்துணர்வர்.

படத்தில் புக்கொளியூர் இல்லையென்று பதிகத்தை ஐயுறுதலும், பதிகமிருக்கக் கல்லெழுத்து எற்றுக்கு என இகழ்தலும் ஒருபாற் கோடலேயாம். பதிகமறியாதார் ஊரின் பழம்பெயரை அறியார். கல்லைப் படியாதார் அதன் நாட்டை அறியார். படத்தைக் காணாதார் வழியை அறியார்.

இவற்றுள் படத்தை மீண்டும் வரையலாம். பதிகத்தை ஓதுவார்கள் நாவிற் காத்துவருகின்றனர். சிதைந்த கல்லெழுத்தோ மீளாது. திருப்பணி என்னும் பெயரால் கல்லைக் கொத்தியும், மணலை வீசித் தேய்த்தும், சுண்ணம் பூசியும் எழுத்தை மாய்த்தல் பலவிடத்தும் நிகழ்ந்துள்ளது. நன்கொடையளித்த முன்னோரின் அறத்தை அழித்து நாம் செய்யும் அறம் யாது? ஆகலின், திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டறிஞரைக் கொண்டு எழுத்துக்களைப் படியெடுப்பித்தலும், பழுதுறாமற் காத்தலும் அன்பர்கள் கடனாம்.

விநாசமில்லாதவன் என்பது அவிநாசியின் பொருள். இறைவன் பெயரே ஊர்ப்பெயராய் வழங்குதல் பெரும்பேறு. அப்பெயரைச் சொல்லும் சிறார்க்குப் புக்கொளியூர் என்பதனையும் உடன் கற்பிப்போமாக.

திருச்சிற்றம்பலம்.