ஏழு மணி வாட்டர்லூ: ஒரு பொம்மைப் போர்க்களத்தின் கதை

மினியேச்சர் பொம்மை செய்கிறவர்களுக்குத் தெரியும், பொம்மைக்கு வர்ணம் அடித்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி அது நிற்கிற தரை. பாய்ந்து வருகிற குதிரைக்குக் கீழே வழவழவென்று பச்சைத் தரை வைத்தால் குதிரை பாயாது, சும்மா நிற்கும். குளம்புக்குப் பின்னால் மண் தெறிக்கணும். மிதிபட்ட பயிர் ஒரே பக்கம் சாயணும். ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது, அடுத்த நொடி என்ன நடக்கப்போகிறது என்று தரையே சொல்லணும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தரை இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டால், அது சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குறுக்கு விசாரணை வரத்தான் செய்யும். அந்த விசாரணையில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் வில்லியம் சிபோர்ன்.

எட்டு மாதம் அளந்த மண்

1815 ஜூன் 18. இன்றைய பெல்ஜியத்தில் வாட்டர்லூ கிராமத்துக்குத் தெற்கே நெப்போலியன் தோற்ற நாள். எதிரே நின்றது வெலிங்டன் பிரபுவின் பிரிட்டிஷ், டச்சு, ஜெர்மன் கூட்டுப்படை. (1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான படையில் இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான் இந்த வெலிங்டன்.) மாலையில் கிழக்கிலிருந்து புளூகர் தலைமையில் பிரஷ்யப் படையும் வந்து சேர்ந்தது.

சிபோர்ன் அந்தப் போரில் இல்லை. 1797ல் பிறந்த ராணுவ அதிகாரி. நில அளவையில் கெட்டிக்காரர், அதைப் பற்றிப் பாடநூலே எழுதியவர். 1830ல் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹில் பிரபு, வாட்டர்லூவுக்கு ஒரு மாதிரி செய்யச் சொல்லி இவரிடம் ஒப்படைத்தார். மனுஷன் நேராகப் போர்க்களத்துக்கே போய், நடுவில் இருந்த ல ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார்.

ஆனால் அவர் போவதற்கு நாலு வருஷம் முன்பே, 1826ல், அங்கே சிங்கச் சிலை வைத்த நினைவுக் குன்று ஒன்று எழுந்துவிட்டது. 40 மீட்டருக்கு மேல் உயரம். அதற்கான மண்ணை வெட்டி எடுத்தது வெலிங்டன் படை நின்ற அதே மேட்டுச் சரிவிலிருந்து. அதாவது, நினைவுச்சின்னம் கட்டுவதற்காக நினைவில் வைக்கவேண்டிய நிலத்தையே வெட்டிவிட்டார்கள்! அந்த இடத்தில் அளவுச் சங்கிலி மட்டும் போதாது. 1815ல் மேடு எப்படி இருந்தது என்பதை மற்ற ஆதாரங்களிலிருந்துதான் மீட்கவேண்டும்.

பொம்மைக்கும் தரைக்கும் ஒத்துவராத கணக்கு

மாதிரியின் அளவுகோல் ஒரு மைலுக்கு 9 அடி. ஒரு மைல் 5280 அடி, ஆகவே தரை சுமார் 587ல் ஒரு பங்கு. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 400 சதுர அடி. நம்ம ஊர் ஃபிளாட்டில் ஹாலும் சமையலறையும் சேர்ந்த அளவு.

இந்தக் கணக்கில் ஒரு மனிதன் வெறும் 3 மில்லிமீட்டர்தான் வரணும். ஆனால் ஈயக் கலவையில் வார்த்த அந்தப் பொம்மைகள் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம். தரைக்கு மூன்று மடங்கு பெரிய ஆட்கள். தோளோடு தோள் நிற்கிற பட்டாளத்தை ஆளுக்கு ஒரு பொம்மை வைத்து நிறுத்தினால் இடம் பத்தாது. அதனால் இரண்டு வீரருக்கு ஒரு பொம்மை. அப்படியும் சுமார் 75,000 பொம்மைகள்!

ஒரே நேரத்தின் ஸ்னாப்ஷாட்

போர் காலை 11:30 வாக்கில் தொடங்கி இரவு வரை நடந்தது. மாதிரியோ ஒரு கணத்தைத்தான் காட்டமுடியும். சிபோர்ன் எடுத்துக்கொண்டது மாலை சுமார் 7 மணி. நெப்போலியனின் இம்பீரியல் கார்டு பிரிட்டிஷ் மேட்டின் உச்சியைத் தொடுகிற தருணம்.

அந்த நேரத்தில் யார் எங்கே நின்றார்கள்? 1834ல் சிபோர்ன் உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். 7 மணிக்கு உங்கள் படைப்பிரிவு எப்படி நின்றது? எதிரே எதிரி எந்த அமைப்பில் இருந்தான்? உங்கள் முன்னால் என்ன பயிர் நின்றது? கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜூன் மாதம், ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்த கம்புப்புல் வயல்கள், முந்தின இரவு கொட்டிய மழை. எந்தப் பயிர் எங்கே இருந்தது என்று தெரியாமல் அந்தத் தரையைச் செய்யவே முடியாது. சுமார் 700 கடிதங்கள் வந்தன.

மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கம். நூறு சர்வர்கள், ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றின் லாக்கையும் சேர்த்து "சரியாக 7 மணிக்கு என்ன நிலைமை" என்று கேட்டால் எவ்வளவு கஷ்டம்! சிபோர்னுக்குக் கிடைத்த லாக், 19 வருஷம் கழித்துச் சொன்ன மனித ஞாபகம். வெலிங்டனே 1815ல் ஒரு கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்: போரின் வரலாறு ஒரு நடன விருந்தின் வரலாறு மாதிரி, சின்னச் சின்ன சம்பவங்கள் ஞாபகம் இருக்கும், எது எந்த வரிசையில், எந்த நேரத்தில் நடந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

பிரஷ்யர்கள் எங்கே நின்றார்கள்?

சிபோர்ன் பிரஷ்யத் தரப்பிலும் தகவல் கேட்டு வாங்கினார். கிடைத்ததை வைத்து, நெப்போலியனின் வலப்பக்கத்தில் பிளாஞ்செனுவா கிராமத்தைச் சுற்றிப் பல்லாயிரம் பிரஷ்யர்களை நிறுத்தினார். பிரச்சினை அங்கேதான் வெடித்தது. அந்த நேரத்தில் பிரஷ்யர்கள் அவ்வளவு முன்னேறியிருக்கவில்லை, மாதிரி வேறு வேறு நேரங்களைக் கலந்து காட்டுகிறது என்பது வெலிங்டன் தரப்பு வாதம். பார்க்கிறவர்கள் வெற்றிக்குக் காரணம் பிரஷ்யர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கவலை அவருடைய வட்டத்தில் வெளிப்படையாகவே இருந்தது.

இத்தனைக்கும் போருக்கு மறுநாள் எழுதிய அறிக்கையில் பிரஷ்ய உதவியை வெலிங்டனே நன்றியோடு ஒப்புக்கொண்டவர். பிரஷ்யர்கள் வந்தார்களா என்பதில் சண்டை இல்லை. 7 மணிக்கு எத்தனை பொம்மை என்பதில்தான் சண்டை. என் பார்வையில் சிபோர்ன் பக்கம் வலுவான ஆதாரம் இருந்தது. பியூலோவின் பிரஷ்யப் படை மாலை 4:30 வாக்கிலேயே சண்டையில் இறங்கிவிட்டது. அதைத் தடுக்க நெப்போலியன் யங் கார்டையும், பிறகு ஓல்ட் கார்டில் ஒரு பகுதியையும் அனுப்பவேண்டி வந்தது. அன்று ஒரே நாளில் பிரஷ்யத் தரப்பில் சுமார் 7,000 பேர் இறந்தோ காயம்பட்டோ போனார்கள்.

ஆதாரம் இருந்து என்ன, பணம் இல்லையே. 1833லேயே அரசாங்கம் செலவைக் கைவிட்டிருந்தது. சிபோர்ன் கடன் வாங்கித்தான் வேலையை முடித்தார். 1838ல் லண்டன் பிக்காடிலியில் இருந்த எஜிப்ஷியன் ஹாலில் காட்சிக்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். கடன் அப்போதும் தீரவில்லை. கடைசியில் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியை அவரே எடுத்துவிட்டார்.

1844ல் அந்தக் கடிதங்களின் அடிப்படையில் இந்தப் போரின் வரலாற்று நூலை வெளியிட்டார். 1849ல் இறந்தார்.

மிச்சம் இருப்பது

மாதிரி இன்று லண்டன் செல்சியில் உள்ள நேஷனல் ஆர்மி மியூசியத்தில் இருக்கிறது. அங்கே போகிற வாய்ப்பு கிடைத்தால், எல்லாரும் பார்க்கிற மேட்டு உச்சியை விட்டுவிட்டு முதலில் பிளாஞ்செனுவா பக்கம் பாருங்க. அவர் அளந்த மேடு பள்ளத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதன்மேல் யாரை நிறுத்துவது என்பதைத்தான் மாற்றவைத்தார்கள்.

கடிதங்களைத் திருத்தமுடியவில்லை. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பகுதியை அவர் மகன் 1891ல் புத்தகமாகப் போட்டார். காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நான் வாரத்துக்கு நாலைந்து கடிதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 7 மணிக்கு ஒவ்வொருவரும் எங்கே நின்றதாகச் சொல்கிறார்கள் என்று ஒரு அட்டவணை போட்டு வருகிறேன். முடிந்ததும் இங்கேயே பகிர்கிறேன்.